முதலமடைத் தேக்கும் நண்பகல் சரிவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

உயிருள்ள திசுவின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் அதன் சுவாசம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பாடநூல் கணக்கு. பாலக்காடு மாவட்டம் முதலமடையில் மாந்தோப்பு வரப்பில் நிற்கும் தேக்கு மரங்கள் காலையில் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டன. வெயில் ஏறியதும் மறுத்துவிட்டன. அடிமரம் சூடாகிக்கொண்டிருக்கும்போதே பட்டை வழியாக வெளிவரும் கரியமில வாயு குறைந்தது. பொழுது சாய்ந்ததும் மீண்டும் கூடியது. காலநிலை மாற்றத்தில் மரங்களின் சுவாசம் எப்படி மாறும் என்பதை முனைவர் பட்டத்துக்கு ஆராயும் மாணவிக்கு இது பெரிய தலைவலி. கருவிகளைப் பழுது பார்த்து ஓட வைப்பது என் வேலை என்பதால் முதல் சந்தேகம் என் மேல், அதாவது என் கருவிகள் மேல் விழுந்தது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் இடத்தைப் பற்றிச் சிறிது. கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. அந்த எல்லையை ஒட்டிய ஊர் முதலமடை. தோப்புக்காரர்கள் பலருக்கு வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம். பறம்பிக்குளம் இதே பஞ்சாயத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே பஸ்ஸில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்சிலிப் என்று சுற்றித்தான் போக வேண்டும். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பகுதியைப் பார்த்துவிட்டுக் கேரளம் என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார். மழை குறைவு, பனைமரம் மிகுதி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட காற்று. மார்ச், ஏப்ரலில் மாவட்டத்தின் வெப்பம் 40 பாகையைத் தொடுவதுண்டு. மரத்தைச் செயற்கையாகச் சூடேற்றி ஆராயும் நாடுகள் இருக்கின்றன. இங்கே அந்தச் செலவு மிச்சம்.

ஒரு தேக்கின் பட்டையில் வரும் வாயுவுக்கு இத்தனை பாடு எதற்கு என்று தோப்புக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். உலகத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 கோடி டன் கார்பனை உள்ளே இழுக்கின்றன. அதில் பாதியைத் தாங்களே சுவாசித்து வெளியே விடுகின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து மனிதன் விடுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். அதாவது தாவரச் சுவாசத்தை மதிப்பிடுவதில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே, மனிதன் விடும் புகையில் பாதிக்கு மேற்பட்ட அளவு கணக்கில் தவறும். வெப்பம் ஏற ஏறக் காடுகள் கார்பனைச் சேமிக்குமா, கக்குமா என்று சொல்லும் கணினி மாதிரிகள் எல்லாம் இந்த ஓர் எண்ணில்தான் தொங்குகின்றன.

அந்த எண் எளிதில் பிடிபடுவதும் இல்லை. 2016-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 10 மர இனங்களைச் சூழலைவிட 3.4 பாகை கூடுதல் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்தார்கள். பாடநூல் கணக்குப்படி இலைச் சுவாசம் 23 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். கூடியது 5 விழுக்காடுதான். மரங்கள் வெப்பத்துக்குப் பழகிக்கொண்டன. ஆனால் அது குளிர்நாட்டு மரங்களின் இலை. வெப்பநாட்டு மரத்தின் தண்டும் அப்படிப் பழகுமா என்பதுதான் நம் மாணவியின் கேள்வி.

கருவியின் மேல் வழக்கு

எங்கள் கருவி எளிமையானது. பிவிசி குழாயில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையை அடிமரத்தின் வளைவுக்கு ஏற்ப அரத்தால் ராவி, சிலிக்கான் பசையால் பட்டையில் ஒட்டுவோம். மறுமுனைக்கு மூடி. மூடியிலிருந்து இரண்டு சிறு குழாய்கள் அகச்சிவப்புப் பகுப்பாய்வுக் கருவிக்குப் போய்த் திரும்பும். உள்ளே அடைபட்ட காற்றில் கரியமில வாயு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதிலிருந்து மரம் விடும் அளவைக் கணக்கிடுவோம். எடுத்துக்காட்டாக, 1 லிட்டர் கொள்ளளவும் 100 சதுர சென்டிமீட்டர் வாயும் உள்ள பெட்டியில், வாயுவின் அளவு 1 நிமிடத்தில் பத்து லட்சத்துக்கு 420 பங்கிலிருந்து 480 பங்காக ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பாகையில் அது சதுர மீட்டருக்கு நொடிக்கு 4 மைக்ரோமோல்.

இதில் பிழை நுழையச் சந்துகள் நிறைய. ஒவ்வொன்றாக அடைத்தோம்.

முதலாவது, கசிவு. நம் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 விழுக்காடு இருக்கிறது. வெளிக்காற்றில் இருப்பதைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு. அதனால் கசிவைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. பசை ஒட்டிய விளிம்பைச் சுற்றி வாயால் மெல்ல ஊதிக்கொண்டே போனால் போதும். ஓட்டை இருந்தால் திரையில் எண் துள்ளிவிடும். தேக்குப் பட்டையில் நீளவாக்கில் ஓடும் வெடிப்புகள்தான் ஆபத்தானவை. வெளியே பசை கச்சிதமாகத் தெரியும்; வெடிப்புக்குள் காற்று சத்தமில்லாமல் போய் வரும். அப்படிப்பட்ட இரண்டு பெட்டிகளைக் கழற்றி இடம் மாற்றி ஒட்டினோம். நண்பகல் சரிவு அசையவில்லை. கணவாய்க் காற்று விளிம்பில் மோதி வாயுவை உறிஞ்சுகிறதோ என்றும் பார்த்தோம். காற்றே இல்லாத புழுக்கமான நாளிலும் சரிவு இருந்தது.

இரண்டாவது, காற்றின் அடர்த்தி. சூடான காற்று விரியும். அதே 1 லிட்டரில் மூலக்கூறுகள் குறையும். 30 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையே இந்த வேறுபாடு 3 விழுக்காடு. நாங்கள் பார்த்த சரிவு அதைவிடப் பல மடங்கு பெரியது. பட்டையிலிருந்து வரும் ஈரப்பதத்தால் நேரும் பிழையும் இதே அளவில்தான் நின்றது. அதைக் கருவியே திருத்திக்கொள்கிறது.

மூன்றாவது, பூச்சிகள். கோடைக்கு முன்பே தேக்கின் மேல் கரையான் மண்பூச்சு ஏறத் தொடங்கிவிடும். அந்த மண்ணை அப்படியே விட்டுப் பெட்டியை ஒட்டினால் அளப்பது கரையானின் மூச்சு. அதனால் ஒட்டும் இடத்தைச் சுரண்டி, தூரிகையால் துடைத்து, வெடிப்புக்குள் எறும்பு உண்டா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கம். பூச்சி இருந்தாலும் அளவு கூடத்தான் செய்யும், குறையாது. எனவே சரிவுக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

நான்காவது, பட்டையின் ஒளிச்சேர்க்கை. இளங்கிளையின் பட்டையை நகத்தால் கீறினால் பச்சை தெரியும். வெளிச்சம் பட்டால் அந்தப் பச்சை, உள்ளிருந்து வரும் வாயுவையே பிடித்துக்கொள்ளும். பகலில் மட்டும் அளவு குறைவதற்கு அருமையான விளக்கம். ஆனால் எங்கள் பெட்டி முழுவதும் அலுமினியத் தாள் சுற்றப்பட்டது; உள்ளே இருட்டு. போதாததற்கு, சுற்றியுள்ள அடிமரத்தையும் கறுப்புத் துணியால் மூடிப் பார்த்தார் மாணவி. பயனில்லை.

கடைசியாக, வெப்பத்தின் தாமதம். காற்று சூடாகும் வேகத்தில் மரத்தின் உட்பகுதி சூடாகாது, மணிக்கணக்கில் பின்தங்கும். காற்றின் வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டால் நண்பகலில் மரம் ‘குறைவாக’ மூச்சு விடுவதுபோல் தெரியும். இதில் ஓரளவு உண்மை இருந்தது. பட்டைக்கு அடியில் வெப்ப உணரியைச் செருகி, மரத்தின் வெப்பத்தையே வைத்துக் கணக்கிட்டதும் சரிவின் ஆழம் சற்றுக் குறைந்தது. ஆனாலும் மறையவில்லை. தாமதம் உச்சத்தைத் தள்ளிப்போடலாம். ஏறிக்கொண்டிருந்த அளவைக் காலை மட்டத்துக்கும் கீழே இறக்காது.

கருவி குற்றமற்றது என்று தீர்ப்பானது. எனக்கு நிம்மதி, மாணவிக்கு இல்லை.

இலை இல்லாத மரம்

தச்சரிடம் கேட்டால் ஒரு தேக்குத் துண்டில் வைரம் எது, வெளிறு எது என்று கை வைத்துக் காட்டுவார். வைரம் நடுவில் உள்ள இறந்த பகுதி; மூச்சு கிடையாது. அதைச் சுற்றியுள்ள வெளிர்நிற மரம் வெளிறு. பறம்பிக்குளத்தில் 6 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள கன்னிமாரத் தேக்கைப் பார்த்து வியப்பவர்கள், அது எவ்வளவு மூச்சு விடும் என்று கேட்பதுண்டு. அதன் பருமனில் பெரும்பகுதி வைரம்தான். சுவாசிப்பவை உள்பட்டையும், கேம்பியம் என்ற மெல்லிய வளர்ச்சிப் படலமும், வெளிறில் சிதறிக் கிடக்கும் உயிரணுக்களும் மட்டுமே.

அந்த வெளிறின் வழியாகத்தான் வேரிலிருந்து நீரும் மேலே போகிறது. புதிரின் முடிச்சு இங்கே இருக்கிறது. வெளிறின் உயிரணுக்கள் விடும் கரியமில வாயு உடனே பட்டை வழியாக வெளியேறிவிடுவதில்லை. பட்டை அவ்வளவு எளிதில் வழிவிடாது. மரத்தண்டுக்குள் இந்த வாயு 1 விழுக்காட்டுக்கும் கீழிருந்து 26 விழுக்காட்டுக்கு மேல் வரை தேங்கி நிற்பதை அளந்திருக்கிறார்கள். வெளிக்காற்றில் இருப்பது 0.04 விழுக்காடு. தேங்கிய வாயு ஏறும் நீரில் கரையும். வெயிலில் இலைகள் நீரை ஆவியாக்கும்போது ஏற்றம் வேகமெடுக்கும். கரைந்த வாயு, இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் பஸ்ஸோடு போய்விட்ட பயணியைப்போல் மேலே போய்விடும். கிளையிலோ இலையிலோ அது வெளியேறலாம், ஒளிச்சேர்க்கையில் மீண்டும் பிடிபடவும் செய்யலாம். அடிமரத்தில் ஒட்டிய பெட்டி அதைப் பார்க்காது.

அமெரிக்காவில் டெஸ்கி, மெக்வயர் ஆகியோர் 2000-களில் இதை விரிவாகக் காட்டியவர்கள். 2009-இல் ஆப்ரே, டெஸ்கி இருவரும் இன்னொன்றையும் காட்டினார்கள். ஒரு வகைப் பாப்லர் மரத்தில், வேர் விட்ட வாயு மண் வழியாக வெளியேறாமல் நீரோடு தண்டுக்குள் ஏறியது. அந்த அளவு, மண்ணிலிருந்து வெளியேறும் வாயுவுக்கு ஈடாக இருந்தது. ஆக, பெட்டிக்குள் வருவதில் வேரின் மூச்சும் கலந்திருக்கலாம். தண்டின் மூச்சு விட்டுப்போயும் இருக்கலாம். இரண்டு பக்கமும் ஓட்டை.

வேறொரு குறுக்குச் சாட்சியும் இருந்தது. நீர் சூடானால் அதில் கரியமில வாயு கரையும் அளவு குறையும். 20 பாகையில் கரைவதில் பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான் 40 பாகையில் கரையும். சூட்டின் விளைவு அது மட்டுமே என்றால், நண்பகலில் மரத்துக்குள் இருக்கும் நீர் வாயுவை உமிழ வேண்டும். பெட்டியில் அளவு எகிற வேண்டும். நடந்தது நேர்மாறு. வாயுவை யாரோ எடுத்துப் போகிறார்கள் என்பதற்கு எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது. மாணவிக்குப் போதவில்லை. ஆய்வேட்டைத் திருத்துபவர் என்னைப் போல் எளிதில் திருப்தி அடைபவராக இருக்கமாட்டார் என்றார். சரிதான்.

நீரோட்டத்தை நேரடியாக அளக்க, பிரெஞ்சு ஆய்வாளர் கிரானியே 1985-இல் வகுத்த முறை இருக்கிறது. வெளிறில் இரண்டு ஊசிகள். மேல் ஊசி மெல்லச் சூடாக்கப்படும், கீழ் ஊசி சும்மா இருக்கும். நீர் வேகமாக ஓடினால் சூடு அடித்துச் செல்லப்பட்டு இரண்டுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறையும். விடியலுக்கு முன் ஓட்டம் ஓய்ந்திருக்கும்போது வேறுபாடு உச்சத்தில் நிற்கும், அதுவே சுழியம். ஆனால் மரத்தில் துளை போட வேண்டும். ஓட்டை போட்ட தேக்கை எந்த மரக்கடைக்காரன் விலை கேட்பான் என்றார் தோப்புக்காரர். பேசிப் பார்த்து, கோணலாக வளர்ந்து பலகைக்கு உதவாத ஒரு மரத்தை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தார். ஆய்வுக் கட்டுரைகளில் ‘மாதிரி மரம் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி வரும். பல இடங்களில் அந்தத் தேர்வு இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

அந்தக் கோணல் மரத்தில் ஊசிகளின் எண்ணும் பெட்டியின் எண்ணும் எதிரெதிராக ஓடின. நீரோட்டம் ஏறும் நேரத்தில் பட்டை வழி வாயு இறங்கியது. மேகம் மூடி நீரோட்டம் தளர்ந்த பகலில் வாயு மேலே வந்தது. ஆனாலும் இரண்டும் ஒன்றாக ஆடுகின்றன என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. வெயிலே இரண்டையும் ஆட்டுவித்திருக்கலாம். வெயிலும் வெப்பமும் இருக்க வேண்டும், நீரோட்டம் மட்டும் நிற்க வேண்டும். அப்படி ஒரு நிலை தேவைப்பட்டது.

அதைத் தேக்கே செய்து கொடுத்தது. இலையெல்லாம் உதிர்ந்து மரங்கள் மொட்டையாக நிற்க, வெயில் உச்சத்துக்கு ஏறியது. மாம்பழப் பறிப்பின் பரபரப்பில் இருந்த தோப்புக்காரர் ஒருநாள் நின்று, “இலையே இல்லாத மரத்தில் இன்னும் என்ன அளக்கிறீர்கள், அம்மணி?” என்று கேட்டார். இலை இல்லாததைத்தான் அளக்கிறேன், ஐயா, என்றார் மாணவி. ஊசிகள் நாள் முழுவதும் சுழியத்தை ஒட்டியே கிடந்தன. பட்டை வழி வாயு மொத்தத்தில் முன்பைவிடக் குறைவுதான், வளர்ச்சி நின்ற மரம் அல்லவா. ஆனால் காலையில் ஏறி, நண்பகல் தாண்டியும் ஏறி, மரத்தின் உள்வெப்பம் உச்சம் தொட்டபோது அதுவும் உச்சம் தொட்டது. சரிவு என்ற பேச்சே இல்லை. பாடநூல் சொன்ன வளைவு அப்படியே வந்தது.

புழு

கோடை மழைக்குப் பின் தளிர் விட்டு இலை விரிந்ததும் சரிவு திரும்பி வந்தது. ஆய்வு அத்துடன் முடிந்திருந்தால் ஒரே ஒரு பருவமாற்றத்தை வைத்துப் பேசுகிறார்கள் என்று யாராவது குறை சொல்லியிருப்பார்கள். அடுத்து வந்தது தோப்புக்காரருக்குக் கேடு, எங்களுக்கு வாய்ப்பு.

தேக்கின் இளந்தளிரைத் தேடி வரும் இலைதின்னிப் புழுவைக் கேரளத் தேக்குத் தோட்டக்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஹைப்ளேயா ப்யூரா என்ற அந்துப்பூச்சியின் புழு அது. மழை தொடங்கும் காலத்தில் திடீரென்று பெருகி, சில நாள்களில் மரத்தை மொட்டையடித்துவிடும். நிலம்பூர் இளந்தோட்டங்களில் இந்தப் புழுவால் மரப்பருமன் வளர்ச்சியில் 44 விழுக்காடு இழப்பாகிறது என்று பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் கணித்திருக்கிறார்கள். வரப்புத் தேக்குகளில் புழு இறங்கியபோது, இலைகளில் பெரிய நரம்புகள் மட்டும் மிஞ்சின. பகுப்பாய்வுக் கருவியின் மூடிமேல் எச்சம் பொலபொலவென்று விழுந்துகொண்டே இருந்தது. நூலில் தொங்கி இறங்கிய புழுக்களைக் குழாய் இணைப்புகளிலிருந்து எடுத்துப் போட ஒரு ஆளே தனியாக வேண்டியிருந்தது.

மரத்தின் வேரும் தண்டும் சுறுசுறுப்பாக இருக்கும் காலம்; இலை மட்டும் இல்லை. நீரோட்டம் படுத்தது. நண்பகல் சரிவும் கூடவே மறைந்தது. மரம் மீண்டும் தளிர்த்து இலை முற்றியபோது சரிவு பழைய இடத்துக்கே வந்தது. வறட்சி, வெப்பம், பருவம் எல்லாம் வேறுவேறாக இருந்த இரண்டு மொட்டை நிலைகளில் ஒரே விளைவு. இலை போனால் சரிவு போகிறது, இலை வந்தால் வருகிறது. இதைவிடத் துப்புரவான சோதனையை நாங்கள் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. செய்திருந்தாலும் தோப்புக்காரர் அனுமதித்திருக்கமாட்டார். புழு தின்ற மரத்தில் இலையின் சர்க்கரை வரத்தும் நின்றுபோகும், அதனால் சுவாசமே குறைந்திருக்கும் என்பது உண்மை. மொத்த அளவு சரிந்ததற்கு அது பொருந்தும். நாளின் வளைவு நிமிர்ந்ததற்கு அது பொருந்தாது.

ஆய்வேட்டில் என்ன மாறுகிறது

மாணவியின் மூலக் கேள்வி, மரம் வெப்பத்துக்குப் பழகுகிறதா என்பது. இந்தச் சரிவைக் கவனிக்காமல் பகல் அளவுகளை எல்லாம் ஒன்றாகக் கொட்டிப் பார்த்திருந்தால் விடை ஆம் என்றே வந்திருக்கும். 35 பாகையில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வாயு. எனவே மரம் பழகிக்கொண்டது. எனவே கார்பன் கணக்கில் கவலை குறைவு. கேட்பதற்கு இனிமையான முடிவு. உண்மையில் மரம் மூச்சைக் குறைக்கவில்லை. மூச்சு வேறு வாசலால் போயிருக்கிறது. நல்ல சேதி சொல்லும் தரவைத்தான் அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. தண்டுச் சுவாசம் பற்றிய பழைய கட்டுரைகளில் பல, வசதி கருதிக் காலை முதல் மதியம் வரை அளந்தவை. அவற்றில் வெப்பத்துக்கேற்பச் சுவாசம் கூடுவது குறைவு என்று எழுதியிருக்கும் இடங்களை இப்போது வேறு கண்ணால் படிக்க வேண்டியிருக்கிறது.

நீரோட்டத்தையும் கரைந்த வாயுவையும் சேர்த்து அளந்து முழுக் கணக்குப் போடும் முறையை மெக்வயரும் டெஸ்கியும் 2004-இலேயே வகுத்துவிட்டார்கள். பட்டை வழியே வெளியேறுவது, நீரோடு மேலே போவது, தண்டில் தேங்குவது ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும். அதற்கு மரத்தில் மேலும் துளைகள் வேண்டும். அவற்றில் வாயு உணரிகள் வேண்டும். மரச்சாற்றின் கார அமிலத் தன்மையும் தெரிய வேண்டும். ஒரே ஒரு கோணல் மரத்தில்தான் அது முடியும். மற்ற மரங்களுக்கு, நீரோட்டம் அடங்கிய பின்னிரவு அளவுகளை மட்டும் வைத்துச் சுவாசத்தைக் கணக்கிடுவது என்று முடிவாகியிருக்கிறது. பகல் அளவுகள் தூக்கி எறியப்படவில்லை. அட்டவணையில் அவற்றின் தலைப்பு ‘தண்டுச் சுவாசம்’ என்பதிலிருந்து ‘பட்டை வழி வெளியேற்றம்’ என்று மாறியிருக்கிறது. வழிகாட்டிப் பேராசிரியருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பின்னிரவு மரமும் பகல் மரமும் ஒன்றல்ல; பகலில் நீர் இழந்து இறுகிய திசு சற்று மெதுவாகவே சுவாசிக்கலாம், சரிவில் ஒரு பங்கு உண்மையான குறைவாகவும் இருக்கலாம் என்கிறார். கோணல் மரத்தின் முழுக் கணக்குதான் அந்தப் பங்கைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

மாமரம்தான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அதிலும் நண்பகல் சரிவு உண்டு, ஆனால் அது இலை உதிர்க்காத மரம். மொட்டையாக நிற்கும் பருவமே கிடையாது. தோப்பின் கீழ்க்கோடியில் காய்ப்புக் குறைந்த கிழட்டு மரம் ஒன்றைப் பறிப்பு முடிந்ததும் கடுமையாகக் கவாத்துச் செய்யப்போவதாகத் தோப்புக்காரர் சொல்லியிருக்கிறார். அரிவாள் ஏறுவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே பெட்டியும் ஊசிகளும் அதில் ஏறியாக வேண்டும். இரண்டாவது பகுப்பாய்வுக் கருவியின் பம்பை அதற்குள் மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு.